பழைய மின்வண்டிக்குப் புது பேட்டரி: மாட்டுவதற்கு முன் அளந்து பார்ப்போம்!

(இறுதியாண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



இன்று எந்தத் தெருவுக்குப் போனாலும் சத்தமில்லாமல் நம்மைத் தாண்டிப் போகும் மின்சார ஸ்கூட்டர் ஒன்றையாவது பார்க்கிறோம். வசதியுள்ளவர்கள் புதிதாக வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஓட்டுகிறார்கள். பேட்டரி தளர்ந்ததும் விற்றுவிடுகிறார்கள். அதை நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறோம். பெட்ரோல் செலவு மிச்சம், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத சிறிய வண்டி என்றால் லைசென்ஸும் வேண்டாம் என்று சந்தோஷப்படுகிறோம். நாலு மாதத்தில் வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது. பேட்டரி விலையைக் கேட்டால் வண்டி வாங்கிய விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது! 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இந்த இடத்தில்தான் நாம் ஏமாறக் கூடாது. ஏமாந்தால் பணம் மட்டும் போவதில்லை. சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே பழைய மின்வண்டிக்கு மாற்று பேட்டரி போடுவது பற்றி, நாம் வகுப்பில் படித்த ஓம் விதியையும் தொடரிணைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு பெரிய படிப்பு இதற்குத் தேவையில்லை.

இரண்டு கடை, இரண்டு யோசனை

எங்கள் வீட்டில் அப்பா விசைத்தறிக்குப் போகிறவர். அம்மா இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டுக் கடை கடையாகக் கொடுப்பவர். அதற்காக வாங்கியதுதான் பழைய 48 வோல்ட் ஸ்கூட்டர். சீட்டுக்குக் கீழே 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி நாலு. தினமும் மாவுச் சுமையோடு சுமார் 14 கிலோமீட்டர் ஓடும். போன வருஷம் நாலு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. மாவு வெயிலில் நின்றால் புளித்துவிடும். அன்றைய வரும்படி அன்றைக்கே போச்சு.

முதல் கடைக்காரர், "ஒன்னுதான் வீக்கா இருக்கு தம்பி, அதை மட்டும் மாத்திட்டா சரியாயிரும்" என்றார். இரண்டாவது கடைக்காரர், "இதெல்லாம் எதுக்குங்க, லித்தியம் போட்டுக்கங்க. அதுவும் 48 வோல்ட்டுதான், இருக்கிற சார்ஜரே போதும்" என்று ஒரு பெட்டியைக் காட்டினார். அதன் மேல் கம்பெனி பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. அம்மா என்னைப் பார்த்து, "நீ கரண்டு படிக்கிறவன்தானே சாமி, எது சரின்னு சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டுமே!

இரண்டு யோசனையுமே தவறு. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நோயைக் கண்டுபிடி

வண்டி நின்றுவிட்டால் உடனே பேட்டரி போச்சு என்று முடிவு கட்டக் கூடாது. சார்ஜர் கெட்டிருந்தாலும், ஒரு டெர்மினல் நட்டு லூசாக இருந்தாலும் இதே கோளாறுதான் தெரியும். தேவைப்படுவது ஒரு சாதாரண மல்டிமீட்டர். ஓர் எச்சரிக்கை: சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் செருகியிருக்கும்போது பேட்டரியின் இரு முனையிலும் மீட்டரை வைத்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். வோல்ட் துளையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடவும்.

முதல் படி: பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்யவும். 48 வோல்ட் ஈய-அமில செட்டுக்கு சார்ஜ் முடியும் நேரத்தில் மொத்த மின்னழுத்தம் சுமார் 59 வோல்ட் வரை ஏற வேண்டும் (ஒன்றுக்கு 14.7 வீதம்). அந்த அளவுக்கு ஏறவே இல்லை என்றால் சார்ஜர் மேலும் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாம் படி: சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்கவும். நல்லது என்றால் 12.8 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். எங்கள் வண்டியில் 12.9, 12.8, 12.9, 12.4 என்று காட்டியது. இதைப் பார்த்தால் முதல் கடைக்காரர் சொன்னது சரி போலத்தான் தெரிகிறது, இல்லையா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது வோல்ட் காட்டுவது எந்த பேட்டரிக்கும் சுலபம். வேலை கொடுத்தால்தான் குணம் தெரியும்.

மூன்றாம் படி: மோட்டார் சைக்கிள் ஹெட்லைட்டில் போடும் 12 வோல்ட் 55 வாட் பல்பை ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாகக் கொடுத்து, 10.5 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். (பல்பு கடுமையாகச் சூடாகும், துணி, பேப்பர் பக்கத்தில் வேண்டாம். 10.5-க்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. சோதனை முடிந்ததும் உடனே திரும்ப சார்ஜ் போடவும்.) 55-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் நாலரை ஆம்பியர். 20 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். எங்கள் வண்டியில் கிடைத்த கணக்கு இது:

முதல் பேட்டரி: 80 நிமிடம் (6 ஆம்பியர்-மணி)
இரண்டாவது: 75 நிமிடம் (5.6)
மூன்றாவது: 85 நிமிடம் (6.4)
நாலாவது: 18 நிமிடம் (1.4 கூட இல்லை)

நாலாவது செத்துவிட்டது உண்மை. ஆனால் மற்ற மூன்றும் மூன்றில் ஒரு பங்கு உயிரோடுதான் இருக்கின்றன! வோல்ட் மட்டும் பார்த்து ஒன்றை மாற்றியிருந்தால் என்ன ஆகும்?

ஒன்றை மட்டும் மாற்றினால்...

நாலு பேட்டரியும் தொடரிணைப்பில் இருக்கின்றன. தொடரிணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். நாலு பேர் கையைக் கோத்துக்கொண்டு நடப்பது போல. மூன்று பேர் கிழவர், ஒருவன் வாலிபன் என்றால் வாலிபனின் வேகம் யாருக்கும் பயன்படாது. ஆறு ஆம்பியர்-மணி முடிந்ததும் பழைய மூன்றும் உட்கார்ந்துவிடும்; புதியதில் மிச்சம் இருக்கும் 14-ம் வீண்.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. வண்டியின் கன்ட்ரோலர் பேட்டரிகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மொத்தத்தை மட்டும்தான் பார்க்கிறது. 48 வோல்ட் ஈய-அமில வண்டியில் பொதுவாக 42 வோல்ட்டுக்கு வந்ததும் நிறுத்தும். நாலும் சமமாக இருந்தால் ஒன்றுக்கு 10.5, கணக்கு சரி. ஆனால் மூன்று பேட்டரி 12 வோல்ட்டிலும் ஒன்று 6 வோல்ட்டிலும் இருந்தாலும் மொத்தம் அதே 42 தான்! ஒன்று உள்ளே செத்துக்கொண்டிருக்க, கன்ட்ரோலர் 'எல்லாம் நலம்' என்று ஓட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் நாலாவது பேட்டரி இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

சார்ஜ் செய்யும்போதும் இதே கதைதான். பழையவை சீக்கிரம் நிரம்பி அவற்றின் வோல்ட் ஏறிவிடும். மொத்தம் 59 வந்துவிட்டது என்று சார்ஜர் கையைக் கட்டிக்கொள்ளும். புதிய பேட்டரி பாதி வயிற்றோடு நிற்கும். ஈய-அமில பேட்டரி அரைகுறை சார்ஜில் நாள்கணக்கில் இருந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். ஆக, பழையவை புதியதையும் தங்களைப் போல ஆக்கிவிடும்.

ஆகவே விதி ஒன்று: செட்டாக மாற்ற வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், முடிந்தவரை ஒரே தயாரிப்புத் தேதி. செட் வாங்கிச் சில வாரத்திலேயே ஒன்று பழுதாகி வாரண்டியில் மாற்றித் தந்தால் மட்டும் பரவாயில்லை.

48 வோல்ட்டெல்லாம் ஒரே 48 வோல்ட் இல்லை!

இனி இரண்டாவது கடைக்காரரின் யோசனை. லித்தியம் கெட்டதா? கிடையவே கிடையாது. எடை பாதிக்கும் கீழே, ஆயுள் பல மடங்கு. அதைக் கண்டுபிடித்து வளர்த்த குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. ஈய-அமில பேட்டரியோ 1859-ல் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. தவறு லித்தியத்தில் இல்லை. 'இருக்கிற சார்ஜரே போதும்' என்ற வார்த்தையில்தான் இருக்கிறது.

பெட்டி மேல் எழுதியிருக்கும் 48 வோல்ட் என்பது பெயர் மட்டும்தான். முழு சார்ஜில் அது எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

ஈய-அமிலம், நாலு பேட்டரி: சார்ஜ் முடியும்போது சுமார் 58.8 வோல்ட்.
நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை லித்தியம், 13 செல் வரிசை: செல்லுக்கு 4.2 வீதம் 54.6 வோல்ட்.
லித்தியம் இரும்பு பாஸ்பேட், 15 செல் வரிசை: செல்லுக்கு 3.65 வீதம் 54.75 வோல்ட்.
அதே பாஸ்பேட், 16 செல் வரிசை: 58.4 வோல்ட்.

இப்போது கணக்குப் போடுங்கள். 13 செல் பெட்டிக்கு 59 வோல்ட் ஈய-அமில சார்ஜரைக் கொடுத்தால் செல்லுக்கு 59 ÷ 13 = 4.54 வோல்ட். தாங்கும் எல்லை 4.2 தான்! உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் (பி.எம்.எஸ். என்கிறார்கள்) வெட்டிவிடுமே என்று கேட்கலாம். வெட்டும், அது இருந்தால், ஒழுங்காக வேலை செய்தால். பி.எம்.எஸ். என்பது கடைசிக் காவல்காரன். தினம் தினம் திருடனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு நாள் அவனும் தூங்கிவிடுவான். பெயரில்லாத பெட்டிக்குள் அந்தக் காவல்காரன் இருக்கிறானா என்பதே தெரியாது.

அளவு மீறி சார்ஜ் ஆன லித்தியம் செல் சூடாகும். ஓர் எல்லை தாண்டினால் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும். பக்கத்து செல்லும் பற்றும். ஊதி அணைக்கிற தீ அல்ல அது. நச்சுப் புகை வேறு. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்த செய்தியை நாம் மறந்துவிட முடியாது. அந்த ஆண்டு நாட்டில் நடந்த தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1-லும் 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன.

லித்தியம் போடுபவர் கவனிக்க வேண்டியவை நாலு. ஒன்று, எந்த வகை, எத்தனை செல், முழு சார்ஜில் எத்தனை வோல்ட் என்பது லேபிளில் இருக்க வேண்டும். இரண்டு, அதற்கென்றே உள்ள சார்ஜரையும் சேர்த்து வாங்க வேண்டும். பழைய சார்ஜரை வீட்டில் வைத்திருக்கவே கூடாது, யாராவது மறதியில் செருகிவிடுவார்கள். பின் ஒரே மாதிரி இருந்தாலும் எந்தப் பின் பிளஸ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதையும் மீட்டரில் பார்க்கவும். மூன்று, பி.எம்.எஸ். தொடர்ந்து தரக்கூடிய ஆம்பியர் கன்ட்ரோலர் இழுக்கும் ஆம்பியரைவிடத் தாராளமாக அதிகம் இருக்க வேண்டும். நாலு, கம்பெனி பெயர், வரிசை எண், பில், வாரண்டி. இதில் எது இல்லை என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கூடுதல் வேகத்துக்காக 48-ஐ 60 வோல்ட் ஆக்குபவர்களும் உண்டு. கன்ட்ரோலர் அதைத் தாங்காமல் போகலாம். அதோடு, லைசென்ஸ் வேண்டாம் என்ற சலுகை 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் என்ற எல்லைக்குள் இருக்கும் வண்டிக்குத்தான். தாண்டினால் சலுகையும் போச்சு.

நாங்கள் எதை எடுத்தோம்?

எங்கள் கணக்கு இப்படி. சுமையோடு கிலோமீட்டருக்கு 25 வாட்-மணி என்று வைத்தால் 14 கிலோமீட்டருக்கு 350. புது ஈய-அமில செட்டில் இருப்பது 48 × 20 = 960 வாட்-மணி. தினம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் செலவாகும். ஈய-அமில பேட்டரியை ஆழமாக வடிக்காமல் ஓட்டினால் ஆயுள் நீளும். கன்ட்ரோலர், சார்ஜர் எதையும் மாற்ற வேண்டாம். எங்களிடம் செட்டுக்குக் கேட்ட விலை 11,500; லேபிளுள்ள நல்ல லித்தியத்துக்குச் சார்ஜரோடு 24,000. ஆகவே ஈய-அமிலமே போதும் என்றேன். தினம் 35, 40 கிலோமீட்டர் ஓட்டுபவராக இருந்தால், கழற்றி மாடிக்குத் தூக்கிப்போய் சார்ஜ் போடுபவராக இருந்தால், நல்ல லித்தியம்தான் சரி. ஆளுக்குத் தக்கபடிதான் முடிவு.

மாட்டும் முறை

48 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். இரும்பு ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனரே உருகும். ஆகவே:

1. சாவி ஆஃப், வண்டியின் எம்.சி.பி. ஆஃப், சார்ஜர் கழற்றல். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழற்றி வைக்கவும். ஸ்பேனரில் நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றவும்.

2. எந்த வயர் எங்கே போகிறது என்று போட்டோ எடுத்து, காகிதத்திலும் படம் போடவும்.

3. ஒவ்வொரு முனையாகக் கழற்றி, கழற்றிய வயர் நுனியில் உடனே டேப் சுற்றவும். இரண்டு முனையை ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள்.

4. மாட்டுவதற்கு முன் புதிய நாலையும் தனித்தனியாக அளக்கவும். ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள்.

5. பேட்டரிக்கு நடுவில் ரப்பர் ஷீட் வைத்து, ஆடாமல் பெல்ட் போட்டு இறுக்கவும். நம் ரோட்டில் ஆட்டம்தான் டெர்மினலுக்கு எமன்.

6. ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸோடு இணைத்து, ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் அளக்கவும்: சுமார் 13, 26, 39, 52 என்று ஏற வேண்டும். ஏறாமல் இறங்கினால் ஒன்று தலைகீழ்!

7. கன்ட்ரோலருக்குக் கொடுப்பதற்கு முன் பிளஸ் மைனஸை இரண்டு தடவை பார்க்கவும். மாறினால் கன்ட்ரோலர் அந்த நொடியே காலி. கடைசி இணைப்பில் 'பட்' என்று தீப்பொறி வரும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காலியாக இருப்பதால் ஒரேயடியாக மின்னோட்டத்தை இழுக்கிறது. 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக ஒரு விநாடி தொட்டு நிரப்பிவிட்டுப் பிறகு இணைத்தால் பொறி வராது.

8. நட்டை நன்றாக இறுக்கவும். லூசான இணைப்பில் 0.05 ஓம் இருந்தாலே, 18 ஆம்பியர் ஓடும்போது 18 × 18 × 0.05 = 16 வாட் சூடு அந்த ஓர் இடத்தில். சின்ன சால்டரிங் அயர்னை சீட்டுக்குக் கீழே ஏற்றி வைத்த மாதிரி!

9. ஃபியூஸ் இல்லாமல் ஓட்டக் கூடாது. எம்.சி.பி. போடுவதானால் டி.சி.க்கு உரியதைப் போடவும். வீட்டு ஏ.சி. மின்னோட்டம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டி.சி.யில் அப்படி ஓர் ஓய்வு கிடையாது.

10. முழு சார்ஜ் செய்து, ஒரு கிலோமீட்டர் ஓட்டி வந்து, எம்.சி.பி.யை ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் வயரின் உறையைத் தொட்டுப் பார்க்கவும். எது சுடுகிறதோ அது லூஸ்.

சார்ஜ் போடும் இடம் வாசலாகவோ, ராத்திரி வெளியேறும் ஒரே வழியாகவோ இருக்க வேண்டாம். ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் அரை மணி நேரம் ஆறவிடவும். எல்லாரும் தூங்கும் நேரத்தில் ஓடவிட வேண்டாம்.

பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் உடைக்கக் கொடுக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது செட் வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழிப்பார்கள்.

முடிவாக...

தோழர்களே! பேட்டரி ஆராய்ச்சிக்கு நாம் எங்கோ வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அங்கே போகும் பாக்கியம் நம்மில் சிலருக்குக் கிடைக்கலாம். ஆனால் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிவது நம் எல்லாருக்கும் கிடைத்திருக்கிறது.

நம் தெருவில் லேபிளைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அநேகமாக நாமாகத்தான் இருப்போம். பால் ஊற்றுபவர், கீரை விற்பவர், மாவு கொடுப்பவர் என்று பழைய மின்வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் தொகையை வட்டிக்கு வாங்கிக் கட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரியாது. மாதம் ஒரு சனிக்கிழமை நம் மின்னியல் பணிமனையில், ஆசிரியர் மேற்பார்வையில், அவர்கள் வண்டியின் நாலு பேட்டரியையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன? செலவு ஒரு பல்பு, ஒரு மீட்டர். மிச்சமாவது ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வருமானம். வருகிற ஆண்டு மாணவர் சங்கம் இதை எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

எங்கள் வண்டி இப்போது 14 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற பிறகு ஒவ்வொரு பேட்டரியும் 12.4 வோல்ட் காட்டுகிறது. நாலும் ஒரே மாதிரி!